பாதங்களைப் பேணிய வைத்தியர்



பாதங்களின் அருமையை மலையகத்தில் வாழும் உங்களுக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. விடியலில் பிரட்டுக்களத்திற்கு நடந்து, அங்கிருந்து மலைக்கு ஏறி, நாள் முழுதும் சரிவில் நின்று கொழுந்து பறித்து, பாரமான கூடையுடன் நிறுவைக்கு இறங்கி, மாலையில் லயத்திற்குத் திரும்பும் வரை அந்தப் பாதங்களே உங்களைச் சுமக்கின்றன. கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கிய நம் முன்னோர் காடுகளினூடே கால்நடையாகவே இம்மலைகளை வந்தடைந்தனர். வழியில் மாண்டோர் பலர். அவ்வழி நடந்த பாதங்களின் பிள்ளைகளாகிய உங்களுக்கு, பாதங்களுக்காகவே தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்ட ஒரு தேவ மனிதரின் சரிதையை இவ்வாரம் கூற விரும்புகின்றோம். அவரும் மலையில் பிறந்தவரே. அவர் பெயர் டாக்டர் போல் பிராண்ட்.

தமிழ்நாட்டில் இன்று நாமக்கல் மாவட்டத்தில் உள்ள கொல்லிமலையை உங்களுள் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். சேலம், திருச்சி, புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து இங்கு வந்த குடும்பங்களின் பேச்சில் அந்த மலையின் பெயரும் வந்து போவதுண்டு. அங்கே மலைவாழ் மக்களிடையே பணியாற்றிய ஜெசி பிராண்ட், எவலின் பிராண்ட் என்னும் ஆங்கிலேய மிஷனரித் தம்பதியருக்கு 1914ஆம் ஆண்டு ஜூலை 17ஆம் திகதி போல் பிறந்தார். மலேரியாக் காய்ச்சல் மலிந்த மலை அது. தந்தையார் அம்மக்களுக்கு வீடு கட்டினார், புண்ணுக்கு மருந்திட்டார், பல் பிடுங்கினார், சுவிசேஷமும் சொன்னார். சிறுவன் போலும் தங்கை கொனியும் மலைப் பிள்ளைகளாகவே மரமேறி வளர்ந்தனர்.

அக்காலத்தில் ஒருநாள் மூன்று மனிதர் அவர்கள் வீட்டை நாடி வந்தனர். அவர்களின் கால்களில் புண்கள் இருந்தன, விரல்கள் சிதைந்திருந்தன. பிள்ளைகளை அப்பால் அனுப்பிவிட்டு, தந்தையார் கையுறை அணிந்து அந்தப் புண்களைக் கழுவிக் கட்டினார். மறைந்திருந்து பார்த்த போலுக்கு ஒன்று வியப்பாயிருந்தது. ஏனைய நோயாளர் புண்ணைத் தொட்டதும் முகம் சுளிப்பார்கள், முனகுவார்கள். இந்த மூவரோ அசையாமல் இருந்தனர். அவர்கள் தொழுநோயாளர். அந்த அமைதியின் பொருள் அச்சிறுவனுக்கு அன்று விளங்கவில்லை. அதை விளங்கிக்கொள்ளவே தன் ஆயுள் செலவாகும் என்று அவன் எப்படி அறிவான்?

கல்விக்காக 1923இல், 9 வயதில், போல் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். தந்தையை அவர் மீண்டும் காணவில்லை. 1929இல் ஜெசி பிராண்ட் காய்ச்சலால் மலையிலேயே மரித்தார். விதவையான எவலின் அம்மையாரோ, பிற்பாடு அதே மலைகளுக்குத் திரும்பினார். முதிர்ந்த வயதில் ஓய்வு பெற்ற பின்னும் மலைமக்களை விட்டு அகலவில்லை. மட்டக்குதிரையில் ஊர் ஊராய்ச் சென்றும், நடை தளர்ந்த காலத்தில் மூங்கில் கோல்களை ஊன்றியும் ஊழியம் செய்து, 1974இல் தமது 95ஆம் வயதில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அத்தகைய தாயின் மகன் அவர்.

இரத்தத்தையும் சீழையும் சிறுவயதில் கண்டு அருவருத்த போல், மருத்துவம் தமக்கு ஆகாது என்றெண்ணித் தச்சு வேலையும் கட்டட வேலையும் கற்றார். மிஷனரியாகச் சென்று வீடு கட்டிக் கொடுக்கலாம் என்பது அவரது எண்ணம். மிஷனரிப் பயிற்சியின் ஓர் அங்கமாக மருத்துவமனையில் சில காலம் இருந்தபோது, இறந்தவளைப் போல் வெளுத்துக் கிடந்த ஒரு பெண் இரத்தம் ஏற்றியதும் உயிர் பெற்று எழுவதைக் கண்டார். அன்று அவர் மனம் திரும்பிற்று. லண்டனில் மருத்துவம் பயின்று, யுத்த காலத்தில் சத்திரசிகிச்சையில் தேறினார். உடன் பயின்ற மார்கிரட்டை 1943இல் மணந்தார். அவ்வம்மையாரும் பின்னாளில் தொழுநோயாளரின் கண்களைக் காக்கும் வைத்தியராய்ப் பெயர் பெற்றார். தச்சு கற்ற ஆண்டுகள் வீண் என்று எண்ணாதீர்கள். நாசரேத்தூர் தச்சனின் பட்டறையில் எதுவும் வீணாவதில்லை. எலும்பையும் தசைநாரையும் கையாள்வதற்கு வேண்டிய கைத்திறனையும், பாதணி செய்வதற்கு வேண்டிய பொறுமையையும் அவர் அங்கேதான் பெற்றார்.

டாக்டர் றொபட் கொக்ரேனின் அழைப்பை ஏற்று 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். அடுத்த ஆண்டு செங்கல்பட்டுத் தொழுநோயாளர் இல்லத்தைப் பார்வையிட்டபோது, மடங்கிப் போன விரல்களையுடைய ஒரு நோயாளியிடம் தமது கையை நீட்டி, இயன்றவரை அழுத்தும்படி கேட்டார். பலமற்றிருக்கும் என எதிர்பார்த்த அந்தக் கை இவரது கையை வலிக்கும்படி இறுக்கிற்று. தசைகளுள் பல நல்ல நிலையிலேயே உள்ளன என்பது அக்கணத்திலேயே அவருக்குப் புலப்பட்டது. செயலிழந்த தசைகளின் வேலையை நல்ல தசைநார்களுக்கு மாற்றிக் கொடுக்கும் சத்திரசிகிச்சையை அவர் உருவாக்கினார். மடங்கிய விரல்கள் நிமிர்ந்தன. பிச்சைக்கு நீண்ட கைகள் உளியும் வாளும் பிடித்தன.

ஆனால் அதைவிடப் பெரிய புதிர் ஒன்று இருந்தது. தொழுநோயினால் சதை அழுகி விரல்கள் தாமே உதிர்கின்றன என்று வைத்தியரும் நம்பிய காலம் அது. பிராண்ட் அதை ஏற்கவில்லை. நோயாளரின் ஒவ்வொரு நாளையும் உற்றுக் கவனித்தார். துருப்பிடித்த பூட்டைத் தன்னால் திறக்க முடியாதிருக்கையில், ஒரு சிறுவன் அதை எளிதாய்த் திருப்பித் திறந்ததையும், அவன் விரலிலிருந்து இரத்தம் வழிந்ததையும் கண்டார். சாவி எலும்பு வரை வெட்டியிருந்தது; சிறுவனோ அறியவில்லை. இரவில் சிலரின் விரல்கள் காணாமற் போவதன் காரணத்தைத் தேடியபோது, உறங்குகையில் எலிகள் கடித்துச் செல்வது தெரிய வந்தது. வலியில்லாததால் அவர்கள் விழிக்கவில்லை. அதன் பின் நோயாளருக்குப் பூனைகள் வழங்கப்பட்டன. நோய்க்கிருமி நரம்பைக் கெடுக்கின்றது. நரம்பு கெட்டால் வலி போகின்றது. வலி போனால் மனிதன் தன்னையே அறியாமல் தன்னை அழித்துக்கொள்கின்றான். கொல்லிமலை வீட்டில் அந்த மூவர் அசையாதிருந்ததன் பொருள் இதுவே.

அன்பானவர்களே, இப்பொழுது பாதத்தின் கதைக்கு வருவோம்.

கையைக் காப்பதைவிடக் காலைக் காப்பதே அவருக்குக் கடினமாயிருந்தது. கைக்கு ஓய்வு கொடுக்கலாம்; ஏழை மனிதன் நடவாமல் எப்படி வாழ்வான்? நம் இரு பாதங்களிலும் 52 எலும்புகள் உள்ளன. உடலின் எலும்புகளில் நான்கில் ஒரு பங்கு அவை. ஒவ்வோர் அடியிலும் உடலின் பாரம் முதலில் குதிகாலில் விழுந்து, பாதத்தின் முன்மேட்டுக்குச் சென்று, பெருவிரலால் தள்ளப்படுகின்றது. நெடுந்தூரம் நடக்கும்போது ஓரிடம் நோகத் தொடங்கினால், நீங்கள் அறியாமலே நடையைச் சற்று மாற்றிப் பாரத்தை வேறிடத்திற்குக் கொடுக்கின்றீர்கள். உணர்விழந்த பாதமோ அவ்வாறு மாற்றுவதில்லை. ஆயிரமாவது அடியும் முதலாவது அடியைப் போலவே அதே இடத்தில் விழுகின்றது. அவ்விடம் சூடேறி, உள்ளே நசிந்து, கொப்புளித்து, புண்ணாகின்றது. புண்ணின் மேலேயே அம்மனிதன் நடக்கின்றான். முடிவில் எலும்பும் கரைந்து, கால் குட்டையாகின்றது.

இப்புண்ணை ஆற்றும் வழியொன்று நம் இலங்கையிலிருந்தே சென்றது என்பதை அறிந்தால் மகிழ்வீர்கள். கொழும்பில் சத்திரசிகிச்சைப் பேராசிரியராக விளங்கிய டாக்டர் மில்ரோய் போல், 1930களிலேயே தொழுநோயாளரின் பாதப் புண்களுக்குப் பரிஸ் சாந்துக் கட்டிட்டு, அவர்களை நடக்கவிட்டே குணமாக்கினார். பாதமும் கீழ்க்காலும் முழுவதும் தொடும்படி கட்டு அச்சாக வார்க்கப்படுவதால், பாரம் ஓரிடத்தில் குவியாமல் எங்கும் பரவுகின்றது, புண் ஆறுகின்றது. இம்முறையைப் பிராண்ட் வேலூரில் பயன்படுத்தி, பின்னர் அமெரிக்காவுக்கும் கொண்டு சென்றார்.

ஆனால் கட்டை அவிழ்த்த பின் நோயாளி மீண்டும் வெறுங்காலுடன் நடந்தால் புண் திரும்ப வருமே! ஆகவே பாதணி வேண்டும். எத்தகைய பாதணி? இதற்கு விடை காண பிராண்டும் அவரது சகாக்களும் வேலூரிலும், 1955இல் கரிகிரியில் நிறுவப்பட்ட தொழுநோய் ஆராய்ச்சி நிலையத்திலும் பல பொருள்களைச் சோதித்தனர். முடிவில் நுண்ணிய காற்றறைகள் நிறைந்த இறப்பரில் செய்த உட்தளமே ஏற்றதெனக் கண்டனர்.

அதன் நுட்பத்தை விளக்க அயலில் உவமை தேட வேண்டியதில்லை. கொழுந்துக் கூடையின் கயிற்றை நீங்கள் தலையில் மாட்டும்போது, கீழே மடித்த துணியை வைக்கின்றீர்கள் அல்லவா? கூடையின் பாரம் அதனால் ஒரு றாத்தலும் குறைவதில்லை. ஆனால் கயிறு ஒரு கோடாய் அறுக்காமல், பாரம் அகலப் பரவுகின்றது. சப்பாத்தின் உட்தளமும் அதையே செய்கின்றது. அது மிக மிருதுவாயிருந்தால் நசுங்கித் தட்டையாகிப் பயனற்றுப் போகும். கடினமாயிருந்தால் பாரத்தைப் பரப்பாது. அமுங்கி மீளும் தன்மை வேண்டும். அதன் கீழே முள்ளும் கல்லும் ஊடுருவாத கடின அடித்தளம் வேண்டும். ஆணி கூடாது, ஏனெனில் ஆணி மேலே வந்து குத்தினாலும் உணர்விழந்த பாதம் அறியாது. ஆகவே பசையால் ஒட்டினர். குதிகாலுக்குப் பின்னே ஒரு வார் வைத்தனர். உணர்வற்ற விரல்களால் செருப்பைப் பற்றிக்கொள்ள இயலாதன்றோ! உருக்குலைந்த பாதங்களுக்கு அவற்றின் வடிவத்திற்கேற்பவே உட்தளம் அச்சிடப்பட்டது. விலை மலிவான இந்தப் பாதணி, கிராமங்களில் எத்தனையோ பேரின் கால்களைக் காத்தது.

பிறருடைய வலியின்மையை ஆராய்ந்த அவருக்கே ஒரு சோதனை வந்தது. 1950களின் தொடக்கத்தில் அமெரிக்கப் பயணம் முடித்து, கப்பலில் இங்கிலாந்து திரும்பி, ரயிலில் லண்டனை அடைந்த இரவு, காலுறையைக் கழற்றியபோது தமது குதிகாலில் உணர்வில்லாதது போலிருந்தது. ஊசியால் குத்திப் பார்த்தார். வலிக்கவில்லை. தமக்கும் தொழுநோய் வந்துவிட்டதென்றெண்ணி அந்த இரவு முழுவதும் உறங்காமல் கலங்கினார். மனைவியையும் பிள்ளைகளையும் பிரிய வேண்டிவரும். தம்மை நம்பிப் பணிக்கு வந்தவர்கள் அஞ்சி விலகுவார்கள். விடிந்ததும் மீண்டும் ஊசியை ஆழக் குத்தினார். சுரீரென்று வலித்தது! நெடுநேரம் ரயிலில் ஒரே நிலையில் அமர்ந்ததால் நரம்பு மரத்திருந்தது, அவ்வளவே. அவர் அந்த வலிக்காகத் தேவனைத் துதித்தார். வலிக்காக நன்றி சொன்ன மனிதரை நீங்கள் எங்கேனும் கண்டதுண்டா?

1966இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்திலுள்ள கார்வில் தொழுநோய் வைத்தியசாலையில் பணியேற்றார். அங்கே நீரிழிவு நோயாளரின் பாதங்களைப் பார்த்தபோது, வேலூரில் கண்ட அதே புண்களைக் கண்டார். சீனி வருத்தமும் நாட்பட நாட்பட நரம்புகளைக் கெடுத்து, காலின் உணர்வை மழுங்கச் செய்கின்றது. தொழுநோயாளருக்காகக் கண்டறிந்த கட்டும், உட்தளமும், தினமும் பாதத்தைப் பார்த்துக்கொள்ளும் பழக்கமும் இப்போது உலகெங்கும் நீரிழிவு நோயாளரின் கால்களைக் காக்கப் பயன்பட்டன. ஒதுக்கப்பட்ட ஏழைகளுக்காகச் செய்த ஊழியம் செல்வந்த நாட்டாருக்கும் ஆசீர்வாதமாய் முடிந்தது. வீட்டைக் கட்டுவோர் தள்ளிய கல்லின் உவமை இங்கே நினைவுக்கு வருகின்றதல்லவா?

கார்விலில் அவர் இன்னொரு முயற்சியும் செய்தார். உணர்வற்ற கைகளுக்கும் கால்களுக்கும் செயற்கை வலியை உண்டாக்க எண்ணி, கையுறைகளிலும் காலுறைகளிலும் அழுத்தத்தை அறியும் கருவிகளைப் பொருத்தினார். அழுத்தம் மிகுந்தால் ஓசை எழும். நோயாளரோ ஓசையைப் பொருட்படுத்தவில்லை. சிறிய மின்னதிர்ச்சி கொடுக்கும்படி மாற்றினார். அவர்கள் தாம் செய்ய நினைத்த வேலைக்கு இடையூறு வரும்போது கருவியை நிறுத்திவிட்டுத் தொடர்ந்தனர். ஆண்டுக்கணக்கில் உழைத்த அறிஞர் குழு முடிவில் தோற்றது. நாம் நினைத்தவுடன் நிறுத்த முடியாதபடி வலியைச் சிருஷ்டிகர் அமைத்ததன் ஞானத்தைப் பிராண்ட் அப்போதுதான் முழுதாய் உணர்ந்தார். எழுத்தாளர் பிலிப் யான்சியுடன் இணைந்து அவர் எழுதிய நூல்களின் சாரமும் இதுவே.

1960இல் லாஸ்கர் விருது, 1961இல் பிரித்தானிய அரசின் கௌரவம் எனப் புகழ் அவரைத் தேடி வந்தது. 1986இல் ஓய்வு பெற்று சியாட்டில் நகரில் வாழ்ந்த அவர், 2003ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் திகதி அங்கேயே மரித்தார்.

அன்பான வாசகர்களே, இச்சரிதையிலிருந்து நாம் எதைக் கற்கின்றோம்?

முதலாவது, உங்கள் பாதங்களை அசட்டை செய்யாதீர்கள். மழைக்காலத்துச் சேற்றிலும், கவ்வாத்து வெட்டிய மலையில் கூர்க்கட்டைகளின் நடுவிலும் நடக்கும் பாதங்கள் அவை. சரிவில் இறங்கும்போது முழங்கால் மூட்டின் மேலும் பாரம் கூடுகின்றது. தேய்ந்து தகடான செருப்பு இவ்விரண்டையும் காக்காது. காலிலே சிறு காயம் கண்டும், வேலைக்குப் போகாவிட்டால் பேர் விழாது, குறைவாய்ப் பறித்தால் அரைப்பேர்தான் என்றஞ்சி, துணியைச் சுற்றிக்கொண்டு மலையேறும் தாய்மார் எத்தனை பேர்! உங்களில் நீரிழிவு உள்ளவர்கள் ஒவ்வொரு மாலையும் கால்களைக் கழுவித் துடைத்து, விரலிடுக்கையும் உள்ளங்காலையும் பாருங்கள். குனிய இயலாதவர்கள் பிள்ளைகளிடம் காட்டுங்கள். ஓரிடம் மட்டும் சிவந்தோ சூடாகவோ இருந்தால் அது வரப்போகும் புண்ணின் முன்னறிவிப்பு. சப்பாத்துக்குள் கையைவிட்டுப் பார்த்த பின்பே அணியுங்கள். நுவரெலியாவின் குளிரில் அடுப்பருகே காலை நீட்டிக் காய்வது நம் வழக்கம்; உணர்வு மங்கிய காலுக்கு அது பேராபத்து, சுட்டாலும் தெரியாது. உணர்வற்ற தேமல் எதுவும் தோலில் தெரிந்தால் மறைக்காதீர்கள். நம் நாட்டில் இன்றும் ஆண்டுதோறும் புதிய தொழுநோயாளர் இனங்காணப்படுகின்றனர். அது மருந்தினால் முற்றாகக் குணமாகும் நோய், அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம்.

இரண்டாவது, நாம் ஒரே சரீரத்தின் அவயவங்கள் என்று பவுல் அப்போஸ்தலன் கொரிந்து சபைக்கு எழுதியதை எண்ணிப் பாருங்கள். சரீரத்தில் மிகத் தாழ்வான இடத்தில் இருந்து முழு பாரத்தையும் சுமப்பது பாதம். இந்நாட்டின் சரீரத்தில் அந்த இடத்தில் இருப்பவர்கள் யார் என்று நீங்களே அறிவீர்கள். பாதம் நோகும்போது தலை அதை உணரவில்லையென்றால், நோய் பாதத்தில் அல்ல, நரம்பில் இருக்கின்றது. அடுத்த லயத்துக் காம்பிராவில் ஒருவர் வேதனைப்படும்போது நமக்கு ஒன்றும் உறைக்கவில்லையானால், நமது சபையின் நரம்பும் மரத்திருக்கின்றது என்றே பொருள். பிராண்ட் அஞ்சியது புண்ணுக்கல்ல, உணர்வின்மைக்கே. நாமும் அதற்கே அஞ்ச வேண்டும்.

மூன்றாவது, ஆண்டவர் தாம் காட்டிக் கொடுக்கப்பட்ட இரவில் துணியைக் கட்டிக்கொண்டு சீஷர்களின் கால்களைக் கழுவினார். வழிநடந்த புழுதியை அந்தக் கைகள் அருவருக்கவில்லை. கொல்லிமலையில் தந்தை செய்ததும், வேலூரில் மகன் செய்ததும் அதன் தொடர்ச்சியே. இந்த வாரம் உங்கள் வீட்டில் ஒரு முதியவரின் கால்களைப் பாருங்கள். பல ஆண்டுகள் மலையேறிய அந்தப் பாதங்களை வெந்நீரில் கழுவி, வெடிப்புக்கு எண்ணெய் தடவி, புண்ணிருந்தால் தோட்டத்து டிஸ்பென்சரிக்கு அழைத்துச் செல்லுங்கள். இயன்றால், பண்டிகைக்குப் புடைவை வாங்கும் பணத்தில் கொஞ்சம் ஒதுக்கி, அவருக்கு மிருதுவான உட்தளமுள்ள நல்ல பாதணி ஒன்று வாங்கிக் கொடுங்கள்.

நாற்பது வருட வனாந்தரப் பயணத்திலும் தம் ஜனத்தின் கால்கள் வீங்காதபடி காத்த தேவன், உங்கள் மலைப்பாதைகளிலும் உங்களைக் காப்பாராக. உங்கள் அயலவரின் நோவை உணரும் இருதயத்தையும் அவர் உங்களுக்குத் தந்தருள்வாராக. ஆமென்.